இடது காலுக்கான தக்கை

பத்தரைக்கு வந்துவிடுவார்கள். மணி இப்போது ஒன்பது பத்து. டிரெட்மில்லை ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தாகிவிட்டது, பெஞ்சுக்குப் புது விரிப்பு போட்டாகிவிட்டது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டேன், அப்புறம் மாப்பிள்ளை வீட்டார் வருவது போலத் தெரியவே மறுபடி சுவரோரம் தள்ளிவிட்டேன். ஐம்பத்து மூன்று வயது ஆளுக்கு இந்தப் படபடப்பு கொஞ்சம் அதிகம்தான். துறையூரிலிருந்து மேகலா என்று ஒரு பெண்ணும் அவள் அம்மா மலர்க்கொடியும் வருகிறார்கள், அவ்வளவுதான். மேகலா ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள். ஆறு வாரமாக அவளுடைய ஓட்டத்தை நான் சரிசெய்துகொண்டிருக்கிறேன், ஆனால் அவளை நேரில் பார்த்ததில்லை. அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் அவள் ஓடுவாள், அம்மா பின்னால் நின்று போனில் படம் எடுத்து அனுப்புவார். நான் இங்கே திருச்சி புத்தூரில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் இந்த அறையில் உட்கார்ந்து அதை மெதுவாக ஓடவிட்டு, எந்தக் கால் எப்படி விழுகிறது, எந்த முட்டி உள்ளே போகிறது, இடுப்பு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். பார்த்து, இன்ன பயிற்சி செய், இப்படி ஊன்று என்று எழுதி அனுப்புவேன். கீழே பலகையில் பிசியோதெரபிஸ்ட் ஜெயசீலன் என்று இருக்கிறது, தெருவில் கால் டாக்டர் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். இன்னும் ஒன்பது நாளில் மேகலாவுக்குச் சென்னையில் தேர்வு ஓட்டம், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது, அடுத்த வருடம் அவள் காற்றாய்ப் பறந்தாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் பார்த்துவிடுகிறேன், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று நான்தான் சொன்னேன். சொன்னதற்கு அது மட்டும் காரணமில்லை. அதைப் பிறகு யோசிக்கலாம்.

நேரில் பார்த்ததில்லை என்றேனே, அவள் முகத்தையே பார்த்ததில்லை என்பதுதான் சரி. வீடியோ வந்ததும் நான் செய்கிற முதல் வேலை இடுப்புக்கு மேலே வெட்டிவிடுவது. இருபது வருடப் பழக்கம். முகம் இருந்தால் நம் மனசு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், சிரித்த முகமாக இருந்தால் ஓட்டமும் நன்றாகத் தெரியும், அழுமூஞ்சியாக இருந்தால் நல்ல காலும் கோணலாகத் தெரியும், ஆகவே முகத்தை வெட்டு, காலை மட்டும் பார், கால் பொய் சொல்லாது. ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டபோது இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். எஸ்தரிடம் சொன்னபோது அவள் கைதட்டவில்லை. எஸ்தர் என் மனைவி. கல்யாணமான புதிதில் அவள் இடது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பி விழுகிறது என்று கண்டுபிடித்தவன் நான், அதைப் பெரிய சாதனை மாதிரி அவள் அண்ணனிடம்கூடச் சொன்னேன். சர்ச்சுக்குப் போகும்போது, மார்க்கெட்டுக்குப் போகும்போது, இரண்டடி பின்னால் நடப்பேன், திருந்தியிருக்கிறதா என்று பார்க்க. "இருபத்தாறு வருஷமா பின்னாடியேதான் வர்றீங்க, ஒரு தடவையாவது முன்னாடி வந்து பாருங்க" என்றாள் ஒரு நாள். முன்னால் வந்து பார்த்தால் முட்டி எப்படி வளைகிறது என்று தெரியும்தான் என்று நான் பதில் சொன்னேன். தமாஷுக்குத்தான் சொன்னேன். அக்காவுக்கு ஆபரேஷன் என்று பாளையங்கோட்டைக்குப் போனவள் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள், மூன்று வருடமாகிறது, சண்டை என்று எதுவும் கிடையாது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன், மூக்கும் மூக்குக் கண்ணாடியும் வந்தன, மற்றது வர நேரமாயிற்று. நடை உடனே வந்தது. ஆயிரம் பேர் போகிற தெருவில் அவள் நடையைக் கண்டுபிடித்துவிடுவேன், ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது. தனியாக இருக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஆள் இருந்தால் தனியாக இருப்பேனா.

மலர்க்கொடியின் குரலைப் பற்றி யோசிக்கக் கூடாது என்று நினைத்தேன், யோசிக்கிறேன். தப்பான அர்த்தத்தில் இல்லை. வீடியோவில் அந்த அம்மாவின் குரல்தான் இருக்கும், முகம் இருக்காது. "ஓடு கண்ணு", "சார் பாக்குறாங்க, நிமிந்து ஓடு", "ஏய் ஆடு குறுக்க வருது பாரு", பிறகு போனுக்கு வெகு கிட்டே வந்து, "சார், இது போதுங்களா, இன்னொண்ணு எடுக்கவா?" முதல் வாரம் அதைக் கேட்டு என்னை அறியாமல் "போதும்மா, போதும்" என்று அறைக்குள் சத்தமாகச் சொல்லிவிட்டேன். இரண்டாவது வாரத்திலிருந்து தெரிந்தே சொன்னேன். காலையில் தோசை ஊற்றும்போது போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வீடியோவை ஓடவிடுவேன், படத்தைப் பார்ப்பதில்லை, ஆடு, காற்று, தூரத்தில் பள்ளிக்கூட மணி, ஓடு கண்ணு, யாரோ ஒரு வீட்டுக்குள் நான் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற அம்மா அவர். போன வாரம் கேட்டார், "சார், உங்க வீட்ல யாரு சமையலு?" நான்தான் என்றேன். "வர்றப்ப மொச்சக்கொட்ட கொழம்பு கொண்டாறேன் சார், கெடாது" என்றார். அந்தக் குழம்புக்காகவா நாற்காலியை இப்படி இழுத்து இழுத்துப் போடுகிறேன், இல்லை, ஆனால் ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, வேலையைப் பார்ப்போம். நேற்றுச் சாயங்காலம் வெறுங்காலோடு ஒரு வீடியோ அனுப்பச் சொல்லியிருந்தேன், வந்திருக்கிறது. எப்போதும் ஷூவும் சாக்ஸுமாகத்தான் ஓடுவாள். இன்று நேரில் பார்ப்பதற்கு முன்னால் வெறும் பாதம் எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ளலாமே என்று கேட்டேன். வழக்கம்போல இடுப்புக்கு மேலே வெட்டினேன், வேகத்தைக் குறைத்தேன். இடது பாதம் உள்பக்கமாகச் சரிகிறது. முதல் நாளிலிருந்தே சரிகிறது, அதுதான் அவளுடைய கோளாறு. இடது ஷூவுக்குள் குதிகாலின் உள்பக்கம் வைக்க ஒரு சின்னத் தக்கை, கார்க் ஷீட்டில் நானே பிளேடால் சீவிக் கூரியரில் அனுப்பினேன். மூன்று மில்லிமீட்டர். சரியாகவில்லை என்று மூன்றாவது வாரம் ஐந்து மில்லிமீட்டர் அனுப்பினேன். அப்படியும் இந்தப் பாதம் கொஞ்சமும் அசைந்து கொடுக்கவில்லை, சரிந்துகொண்டேதான் இருக்கிறது. பிடிவாதக்காரப் பாதம். வேடிக்கை என்னவென்றால், முதல் நாள் ஒழுங்காக இருந்த வலது கால்தான் இப்போது கெட்டு வருகிறது, வெளிவிளிம்பில் ஊன்றுகிறது, சட்டென்று எடுத்துவிடுகிறது. ஒரு கால் சரியாகும்போது மற்ற கால் ஈடுகட்டப் பார்க்கும், இது எதிர்பார்த்ததுதான் என்று என் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அந்த வலது கணுக்காலில் ஒரு கறுப்புக் கயிறு. இத்தனை நாள் சாக்ஸுக்குள் இருந்திருக்கும். கண் திருஷ்டிக்குக் கட்டுவது. கீழே ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிற பெண்ணும் கட்டியிருக்கிறாள், ஒரு நாள் ஏன் ஒரு காலில் மட்டும் என்று கேட்டேன், "பொம்பளைங்க இடது கால்லதான் சார் கட்டணும், ஆம்பளைங்களுக்குத்தான் வலது" என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது போலச் சிரித்தாள். இடது காலில்தான் கட்டணும். மேகலா வலது காலில் கட்டியிருக்கிறாள். ஊருக்கு ஊர் மாறுமாக இருக்கும். பாதத்தைப் பார்ப்போம். சரிகிறது, ஊன்றுகிறது, எடுக்கிறது. கயிறு. சரிகிறது, ஊன்றுகிறது. ஏன் வலது காலில் கட்டினாள். அம்மா கட்டிவிட்டிருப்பார், அந்த அம்மா எட்டரை மணி என்றால் எட்டரைக்கு அனுப்புகிறவர், கயிற்றை மாற்றிக் கட்டுகிற ஆளா அவர்.

முழுப் படத்தையும் திறந்தேன். இருபது வருடத்தில் இப்படித் திறந்து பார்த்தது எத்தனை தடவை இருக்கும், தெரியவில்லை. மைதானம். தூரத்தில் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், அதில் நீல எழுத்தில் பள்ளியின் பெயர். படிக்க முடியவில்லை. தூரத்தினால் என்று நினைத்துப் பெரிதாக்கினேன். எழுத்து பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாம் திரும்பி நிற்கிறது, கண்ணாடியில் தெரிகிற எழுத்து போல. முதலில் சுவரில் யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், ஒரு முழு நிமிடம், ஒரு பள்ளிக்கூடமே தன் பெயரைத் திருப்பி எழுதிக்கொண்டது என்று நம்பத் தயாராக இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. செல்ஃபி கேமரா. சில போன்களில் முன்பக்கக் கேமராவில் எடுத்தால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் பதிவாகும், எனக்குத் தெரியாததா, யாராவது வீடியோ அனுப்பினால் பின்பக்கக் கேமராதானே என்று கேட்பதுதான் முறை. கேட்கவே வேண்டியிருக்கவில்லையே, அந்த அம்மா முதல் நாளே சொன்னார். "பின்னாடி கேமரா ஒடஞ்சு போச்சு சார், முன்னாடி இருக்கறதுலதான் எடுக்கறோம், பரவால்லைங்களா?" பரவாயில்லைம்மா, கால் தெரிஞ்சா போதும். நான் சொன்ன பதில் அது. அதனால்தான் பாதி வீடியோக்களில் விரலும் முந்தானையும் தெரிந்தன, திரை அந்தப் பக்கம் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது மாதிரி எடுத்திருக்கிறார். பதினான்கு வீடியோ. பதினான்கையும் வரிசையாகத் திறந்தேன். பதினான்கிலும் சுவர், பதினான்கிலும் திரும்பிய எழுத்து. திரும்பி ஓடி வருகிற இடத்தில் அவள் முகமும் இருந்தது. ஒல்லியான முகம், நெற்றியில் திருநீறு. வலது காலாக எனக்குத் தெரிந்த, உண்மையில் அவளுடைய இடது காலான அந்தக் கால் தரையைத் தொடும் ஒவ்வொரு தடவையும் கீழுதட்டைப் பல்லால் கடிக்கிறாள். நான்காவது வாரத்திலிருந்து ஒவ்வொரு வீடியோவிலும் கடிக்கிறாள். "சிரிச்சுக்கிட்டே ஓடு" என்கிறது மலர்க்கொடியின் குரல்.

அப்படியானால் கணக்கு இப்படி. சரிகிற பாதம் வலது பாதம். நல்ல பாதம் இடது. நான் நல்ல பாதத்துக்குத் தக்கை வைத்தேன், அது போதாதென்று ஐந்து மில்லிமீட்டர் ஆக்கினேன், ஒழுங்காக விழுந்துகொண்டிருந்த காலை ஒவ்வொரு எட்டிலும் வெளியே தள்ளினேன். ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் ஓடுகிறாள், எத்தனை எட்டு, எத்தனை நாள், வேண்டாம், எண்ண வேண்டாம். அவள் சொன்னாள். எட்டுத் தடவையாவது சொல்லியிருப்பாள். இடது கால் வலிக்குது சார். தக்கை வைத்த கால்தானே, பழகுகிற வரைக்கும் வலிக்கும், உடம்பு பழைய பழக்கத்துக்குத் திரும்பப் பார்க்கும், நீ விட்டுக் கொடுக்காதே. இதையும் எழுதினேன், கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. முந்தாநாள் ஒரு வாய்ஸ் மெசேஜ், மறுபடி கேட்டேன். "சார், முந்தியெல்லாம் கால் பூரா வலிக்கும் சார். இப்ப ஒரே எடத்துல குத்துது. வெரல் வச்சா அந்த எடம் தெரியுது. ராத்திரி படுத்திருக்கப்பவும் குத்துது சார்." அதற்கு நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருக்கிறேன். ஒரே இடம். விரல் வைத்தால் தெரிகிற இடம். தசை வலி அப்படி இருக்காது, பரவலாக இருக்கும், படுத்தால் அடங்கும், முதல் வருடம் படிக்கிற மாணவனுக்குத் தெரியும். எலும்பில் மயிரிழை விரிசல் விட்டால்தான் இப்படி ஒரே இடத்தில் நிற்கும். விட்டிருக்கும் என்று சொல்லவில்லை. விட்டிருக்கலாம். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், தெரிகிறவரை ஒரு எட்டுகூட ஓடக் கூடாது, ஓடினால் அந்த இழை முழு முறிவாகிவிடும், ஓட்டத்தின் நடுவில், கடைசிச் சுற்றில், எல்லோரும் பார்க்கும்போது. ஓடாமல் இருந்தால் ஒன்பது நாள் போய்விடும், வேலை போய்விடும், வயது போய்விடும். ஆண்டவரே. ஜன்னலுக்கு வெளியே தபால்காரர் போகிறார், வலது குதிகாலைத் தேய்த்துத் தேய்த்து. இந்த நேரத்திலும் என் கண் அங்கேதான் போகிறது, எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

போன் அடித்தது. எடுக்காமல் இருக்கலாமா என்று நினைப்பதற்குள் எடுத்துவிட்டேன். "சார், மண்ணச்சநல்லூர் தாண்டிட்டோம். பஸ்ஸு கூட்டம், மேகலாவுக்கு மட்டும் சீட்டு கெடச்சுது, கால் நோவக் கூடாதுல்ல, நான் நின்னுக்கிட்டு வர்றேன். கொழம்பு சிந்தாம மடியில வச்சிருக்கா. நீங்க காலைல எதுவும் சாப்பிட்டுடாதீங்க." சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்ல நினைத்தேன், "சரிம்மா" என்று சொன்னேன். "கோயில்ல உங்க பேருக்கும் ஒரு அர்ச்சன பண்ணுனேன் சார், என்ன நட்சத்திரம்னு தெரியல, சாமி பேருக்கேன்னுட்டேன்" என்று சிரித்தார். நட்சத்திரம் கிடையாதும்மா, நான் கிறிஸ்தவன் என்று ஆறு வாரத்தில் ஒருநாள் சொல்லியிருக்கலாம். சமையல் யார் என்பதைத் தவிர என்னைப் பற்றி அவர்கள் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, அவர்களுக்கு என்னிடம் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், சார் சொன்னால் சரியாக இருக்கும்.

இரண்டாம் கட்டம் என்று சொல்லிவிடலாம். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்ததும் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. முதல் கட்டத்தில் இடது காலைப் பழக்கினோம், இன்றிலிருந்து இரண்டாம் கட்டம், தக்கையை எடுத்து வலது ஷூவுக்குள் வை. யாருக்குத் தெரியப் போகிறது. ஓட்டத்தைச் சரிசெய்வதில் கட்டம் கட்டமாகப் போவது உண்டுதான், பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, முக்கால் பொய். வலது காலில் வைத்ததும் வலது பாதம் நிமிரும், இடது கால் வலி குறைய ஆரம்பிக்கும், மலர்க்கொடி இன்னொரு அர்ச்சனை செய்வார். நான்கு நாள் ஓய்வெடு, மீதி நாள் மெதுவாக ஓடு, சென்னைக்குப் போ. விரிசல் இல்லாவிட்டால் ஓடிவிடுவாள். இருந்தால்? இல்லாமலும் இருக்கலாம் அல்லவா. நூற்றுக்கு எத்தனை என்று என்னால் சொல்ல முடியாது, நான் டாக்டர் கிடையாது, இந்த இடத்தில் மட்டும் எனக்கு அடக்கம் வந்துவிடுகிறது. உண்மையைச் சொன்னால் அவள் வேலை போகிறது, பொய் சொன்னால் அவளுக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கிறது, ஆக பொய் சொல்வது அவளுக்காகத்தான் என்று மனசு வக்கீல் மாதிரிப் பேசுகிறது. அவளுக்காகவா. ஜெயசீலா, யாருக்காக என்று உனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் நாளைக் காலை தோசை ஊற்றும்போது வீடியோ வராது. அதுதான் விஷயம். பெயர் கெடும் என்ற பயம் இரண்டாவது, மூன்றாவது. அந்தக் குரல் போய்விடும், சார் இது போதுங்களா என்று கேட்க ஆள் இருக்காது என்பதுதான் முதல் பயம், ஒரு பெண்ணின் எலும்பைவிட அது எனக்குப் பெரிதாக இருக்கிறது. எஸ்தருக்குப் போன் செய்து கேட்கலாமா. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் கூப்பிட்டால் யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறுவாள். எனக்குத்தான் எஸ்தர், எனக்குத்தான் ஆயிற்று. கூப்பிடவில்லை. மேசையில் கார்க் ஷீட் இருந்தது, பிளேடை எடுத்து ஐந்து மில்லிமீட்டரில் வலது காலுக்கு ஒன்று சீவ ஆரம்பித்திருந்தேன். கை அதுபாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. நன்றாகவே வந்திருந்தது, ஓரமெல்லாம் வழவழவென்று.

படியில் சத்தம். இரண்டு பேர். முதலில் வருவது நாற்பத்தைந்து ஐம்பது வயது, கையில் கனம், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுகிறார். பின்னால் வருவது இளம் கால். வலது கால் திடமாக விழுகிறது, இடது கால் படியைத் தொட்டதும் தொடாததுமாக வந்துவிடுகிறது. டக், ட். டக், ட். பதினெட்டுப் படி. பதினெட்டுப் படிக்கும் அவள் அப்படித்தான் ஏறினாள், நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தே கேட்டேன். "சார்!" என்று வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டார் மலர்க்கொடி. குள்ளமான அம்மா, கறுத்த முகம், குரலுக்குக் கொஞ்சமும் பொருந்தாத பயந்த கண்கள். தூக்குவாளியை மேசையில் வைத்தார். "சூடு இருக்கு சார் இன்னும்." மேகலா அவருக்குப் பின்னால் நின்று லேசாகச் சிரித்தாள், உதட்டில் பல் பட்ட இடம் கறுத்திருந்தது. உட்காருங்கள் என்றேன். தண்ணீர் கொடுத்தேன். பஸ் எப்படி, வெயில் எப்படி என்று கேட்டேன். டிரெட்மில்லை அவள் பார்த்தாள். "இதுல ஓடணுமா சார்?" என்று எழுந்து ஷூ லேஸை இறுக்கினாள். "வேண்டாம்" என்றேன், என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. "இன்னிக்கு ஓட வேண்டாம்மா. இன்னிக்கு… இன்னியிலேர்ந்து ரெண்டாம் கட்டம்." சொல்லிவிட்டேன். வாய் சொல்லிவிட்டது. "தக்கையை வலது ஷூவுக்கு மாத்தப் போறோம். இடதுல இருக்கறத எடுத்துடு."

மலர்க்கொடியின் முகம் மலர்ந்தது. மகளின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "பாத்தியா! நான் என்னா சொன்னேன்?" என்று என் பக்கம் திரும்பினார். "இவ மூணு வாரத்துக்கு முன்னாடியே சொன்னா சார். அம்மா, இது கால் மாறி வச்சிருக்காப்ல இருக்கு, அந்தக் கால்ல போட்டுப் பாக்கறேன்னா. ஒரு நாளு போட்டும் பாத்துட்டா, நல்லாருக்குங்கறா. நான்தான் புடிச்சுத் திட்டி மறுபடி மாத்த வச்சேன். படிச்ச மனுசன் அங்க உக்காந்து உனக்காகப் பாத்துப் பாத்துச் சொல்றாரு, நீ பெரிய இவளா, சார் மாத்தச் சொல்றப்ப மாத்திக்கலாம்னேன். இப்ப நேரம் வந்துச்சா? அவசரக்குடுக்க." மேகலா மறுபடி உட்கார்ந்து, குனிந்து இடது ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள், கழற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கீழே நழுவிய சாக்ஸுக்கு மேலே கறுப்புக் கயிறு தெரிந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அங்கே பார்த்துப் பழக்கமில்லை, எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்றுகூடத் தெரியவில்லை, ஆனால் பார்த்தேன். மூன்று வாரம் முன்பே இந்தப் பெண்ணின் காலுக்குத் தெரிந்திருக்கிறது. அதை ஒரு தாய் திட்டித் திருத்தியிருக்கிறார், என்மேல் இருந்த மரியாதையால்.

"இல்லம்மா" என்றேன். "ரெண்டாம் கட்டம்னு ஒண்ணும் கிடையாது. அது பொய்." இரண்டு பேரும் நான் வேறு பாஷையில் பேசியது போலப் பார்த்தார்கள். போனை எடுத்து சுவரைக் காட்டினேன், எழுத்தைக் காட்டினேன். முன்பக்கக் கேமரா இடத்தை வலமாக்கிவிடும் என்றும் அதைப் பார்க்காமல் நான் நல்ல காலைக் கோளாறு என்று நினைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். சொல்லும்போது நிறுத்தினால் மறுபடி பொய் வந்துவிடும் என்று நிறுத்தாமல் சொன்னேன். அவள் சொன்னதுதான் சரி, தப்பு முழுக்க என்னுடையது. எலும்பில் விரிசல் இருக்கலாம், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுக்கணும், நானே கூட வருகிறேன், அதுவரைக்கும் காலை ஊன்றிக்கூட நடக்கக் கூடாது. "ஒம்பது நாளு சார்" என்றாள் மேகலா. "ஓடக் கூடாதும்மா." "மருந்து தடவிக் கட்டிக்கிட்டு, ஒரே ஒரு ஓட்டம் சார், மூணே முக்கா சுத்துதான்." "கூடாது." மலர்க்கொடி போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நாங்கதான் மொத நாளே கேட்டமே சார், முன்னாடி கேமரா பரவால்லையான்னு" என்றார், மெல்ல, ஏதோ தன்மேல்தான் பழி வரப் போகிறது போல. "கேட்டீங்க. நான்தான் பரவால்லைன்னேன்."

மேகலா கழற்றிய ஷூவைக் கையிலேயே வைத்திருந்தாள். அழவில்லை. தக்கையை வெளியே எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "அப்ப எனக்கு வலிச்சது நெஜந்தானா சார்?"

"நெஜந்தாம்மா."

அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "கேட்டியாம்மா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். மலர்க்கொடி நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, மகளின் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார், எந்த இடம் என்று தெரியாமல் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மெதுவாகத் தடவினார். மேகலா குனிந்து அம்மாவின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். என் பக்கம் யாரும் பார்க்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட நான் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.